கைக்குத் தட்டுப்பட்ட கம்பெனி

பாலாற்றங்கரையில் கருங்காலிப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் தேன்குரல் கம்பெனியின் பங்கு வைத்திருந்த வீடுகளிலெல்லாம், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், பால்காரர் மணியடித்துக்கொண்டு வருவதற்குள், கம்பெனியின் ஒரு துண்டு வந்து நின்றுகொண்டிருந்தது.

தேன்குரல் கம்பெனி முதலில் ரேடியோ செய்தது, பிறகு டேப்ரெக்கார்டர் செய்தது, அதன்பின் டிவி செய்தது. அதை ஆரம்பித்த கோதண்டபாணி ஒரு வறண்ட வருஷத்தில், தீபாவளி போனஸுக்குப் பணமில்லாமல், வேலைக்காரர்கள் எல்லாருக்கும் பங்குப் பத்திரத்தைக் கொடுத்துக் கைகூப்பினார். மனசு கேட்காமல் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்கூடக் கொஞ்சம் எழுதிவைத்தார். வாங்கியவர்கள் அதை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் போட்டுவிட்டு மறந்துபோனார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் அந்த ஆடி வெள்ளி வந்தது.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. ஆனால் முன்பு கம்பெனியில் வேலை பார்த்த மெத்தைக்கடை வஹாப் பாயின் கடைக்குள் கம்பெனிச் சுவரில் ஒரு பாகம் ஜன்னலோடு நின்றது. அந்த ஜன்னலைத் திறந்தால் கம்பெனி வளாகத்துப் புங்கமரக் காற்று வந்தது. கோயில் குருக்கள் வீட்டில் கம்பெனி கேன்டீனின் இட்லிக் கொப்பரை இருந்தது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் வரிசையாக இரும்புத் தூண்கள் நின்றன. சால்டரிங் பிரிவில் வேலை பார்த்த இருதயமேரியின் வீட்டில், அடுப்படியை ஒட்டி, கம்பெனி ஷெட்டின் பச்சைப் பெயின்ட் அடித்த தூண் ஒன்று, தரையையும் உடைக்காமல் கூரையையும் உடைக்காமல், முளைத்த மரம்போல நின்றது.

இருதயமேரி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் புருஷனை எழுப்பினாள்.

"என்னங்க, கம்பெனித் தூண் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

சவரிநாதன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறவன், முந்தின நாள் வேலூர் போய்வந்த அலுப்பில் கண்ணைத் திறக்காமலே, "யாராவது கேட்டு வந்தா திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

யாரும் கேட்டு வரவில்லை, ஏனென்றால் கம்பெனியில் எதுவும் குறையவில்லை. ஒரே நிலா நாலு வீட்டுக் குடத்திலும் கிடப்பதுபோல, தூண் அங்கேயும் நின்றது, இங்கேயும் நின்றது. அவரவர் பங்குக்கு எவ்வளவோ அவ்வளவு அவரவர் வீட்டில் இருந்தது. நிறைய வைத்திருந்தவர்களுக்குப் பெரிய துண்டு, கொஞ்சம் வைத்திருந்தவர்களுக்குச் சின்னத் துண்டு. தொட்டால் கைக்குத் தட்டுப்பட்டது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாகம் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, கையை வைத்தால் கை சாம்பிராணிப் புகைக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. அது ஏன் என்று பேசிப் பேசி ஊர் களைத்துப்போயிருந்த சமயத்தில் வங்கி மேலாளர் வஹாப் பாயிடம் தலையணை வாங்க வந்தார். பேச்சுவாக்கில் சுவரின் புகைப் பக்கத்தில் சாய்ந்தார். சாய்ந்தபடியே சௌகரியமாக நின்றார். அவர் முதுகுக்கு மட்டும் அது கெட்டிச் சுவராக இருந்தது. அப்போதுதான் கம்பெனி வங்கியில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தது.

பிறகு ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது. புதுசாக மெஷின் வாங்கினால் துண்டுகள் பருத்தன. கடன் கட்டினால் புகை கெட்டியானது. கணக்கு முடிக்கிற பங்குனி மாதம் வந்தால் எல்லாம் ஒரு நூல் இளைத்தன, அதைத் தேய்மானம் என்று சொல்லிச் சிறுபிள்ளைகளும் ஏற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "கம்பெனியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டார்கள். பிரஸ் மெஷினின் தலை வந்திருந்த வீட்டில் அதன்மேல் மிளகாய் காய்ந்தது. குருக்கள் கொப்பரையில் பிரதோஷத்துக்குச் சுண்டல் அவித்தார், அது கேன்டீன் சாம்பார் வாசம் அடித்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. கத்திரி வெயிலில் வஹாப் பாயின் ஜன்னலுக்கு எதிரே மெத்தை வாங்காதவர்களும் மெத்தைமேல் படுத்திருந்தார்கள். தேன்குரலின் பெயர், புகழ், விளம்பரப் பாட்டு, கோதண்டபாணி வாங்கிய விருது இவற்றில் ஒன்றும் யார் வீட்டுக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் வைக்க இடமில்லை என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு ஐப்பசியில் விடாமல் மழை அடித்து, இருதயமேரி வீட்டுப் பின்சுவர் கரைந்து விழுந்தது. கூரையின் உத்தரம் தொங்கியது. சவரிநாதன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து யோசித்துவிட்டு, கடைசியில் உத்தரத்தை நகர்த்திக் கம்பெனித் தூணின் கெட்டிப் பக்கத்து உச்சியில் உட்கார வைத்தான். அது உட்கார்ந்துகொண்டது. அவன் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். பரண் கட்டினார்கள், மாடிப்படி கட்டினார்கள், தொட்டில் கட்டினார்கள். பள்ளிக்கூடம் வரிசைத் தூண்களின்மேல் கான்கிரீட் போட்டுப் புது வகுப்பறையே எழுப்பியது. இப்படியே சில வருஷங்களில், கருங்காலிப்பட்டு தன் முதுகைக் கம்பெனியின் மேல் சாய்த்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கோதண்டபாணி காலமாகி, அவர் மகள் வசுமதி பொறுப்புக்கு வந்தாள். வசுமதி எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், நல்லவள், பயந்தவள். எங்கிருந்தோ வந்த மெலிசு டிவிகள் தேன்குரல் டிவியின் பாதி விலைக்குக் கடைகளில் குவிந்தபோது அவளுக்குத் தூக்கம் போயிற்று. சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் தொழிலில் நம்பிக்கை உள்ளவர்.

"மேடம், உலகம் மாறிடுச்சு. செய்யுறவனுக்குக் காசு இல்ல, பேர் வச்சிருக்கிறவனுக்குத்தான் காசு. மெஷினை வித்துடுங்க. பெட்டிகளை வெளியில வாங்கி நம்ம பேரை ஒட்டுவோம். வர்ற பணத்தை விளம்பரத்துல போடுவோம்" என்றார் அவர்.

வசுமதி மெஷின்களை விற்றாள். நடிகை ஒருத்தி தேன்குரல் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் விளம்பரம் எல்லா ஊரிலும் வந்தது. சந்தையில் பங்கின் விலை ஏறியது. ஏறி, நின்று மூச்சுவிட்டு, மறுபடி ஏறியது. கருங்காலிப்பட்டு வீடுகளிலோ பிரஸ் மெஷினின் தலை மங்கியது. மிளகாய் தரையில் விழுந்தது. சிலர் பத்திரத்தை நல்ல விலைக்கு விற்றார்கள். விற்றவர் வீட்டுத் துண்டு அன்றைக்கே மறைந்து வாங்கியவர் வீட்டுக்குப் போயிற்று. சென்னையில் பெரிய அடுக்குமாடி வீடு ஒன்றில், குளிர்பதன அறைக்குள், குருக்கள் வீட்டுக் கொப்பரை போய் உட்கார்ந்திருப்பதாகவும், அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் செடி வைத்திருப்பதாகவும் செய்தி வந்தது.

கடைசியில் மிச்சமிருந்தது ஷெட்டும் நிலமும்தான். வசுமதி அதற்கும் முன்பணம் வாங்கினாள். வடக்கே ஒரு கம்பெனியின் பிரபலமான பெயரை அந்தப் பணத்தில் வாங்கி, இரண்டு பெயர்களாக நடத்துவது என்று ஏற்பாடு.

முன்பணம் வாங்கிய மறுநாள் காலையில், இருதயமேரி அடுப்பு துடைக்கும்போது ஒரு கையைத் தூணில் ஊன்றினாள். கை முழங்கைவரை உள்ளே போனது. தலைக்கு மேலே உத்தரம் முனகியது.

சவரிநாதன் ஓடிப்போய்ச் சவுக்குக் கம்புகள் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தான். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மேரி, நான் சொல்றதைக் கேளு. பங்கை விக்கலைன்னாலும் தூண் போயிடும், வித்தாலும் போயிடும். வித்தா கையில காசாவது நிக்கும். பின்னால செங்கல் சுவர் வச்சிரலாம். மிச்சத்துக்கு ஒரு சொந்த ஆட்டோ. இந்த விலை இன்னொரு தடவை வராது."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.  பதினெட்டு வயதில் அந்தக் கம்பெனிக்குள் போனவள் அவள். ஈயம் உருகும் வாசம் அவள் புடவையை விட்டுப் போனதேயில்லை. ஆனால் அதை எல்லாம் சொல்லிச் சுவர் எழுப்ப முடியாதென்றும் அவளுக்குத் தெரியும்.

"நம்ம வீட்டுக்குச் சுவர் வந்துடும். பள்ளிக்கூடத்துக்கு?" என்றாள்.

"அது பாதிரியார் பாடு."

"நம்ம பொண்ணு ஜெசிந்தா அந்தத் தூணுக்குக் கீழதான உட்கார்ந்து படிக்கிறா?"

சவரிநாதன் ஒரு முட்டுக்கம்பைத் தட்டிச் சரிபார்த்தான். பிறகு, "அப்போ யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று கேட்டான்.

"மேடத்துகிட்ட."

"சொன்னா?"

"வந்து தொட்டுப் பாக்கட்டும்."

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மரத்தடிக்கு மாற்றி, வகுப்பறைக்கும் முட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் தகவல் கொடுத்துவிட்டு, இருதயமேரி வசுமதியின் அறைக்கதவைத் தட்டினாள். இதற்குமுன் அந்தக் கதவை அவள் தட்டியதில்லை. வசுமதி திட்டவில்லை, காரணம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் சத்தம் கேக்குது" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சவரிநாதனின் ஆட்டோவிலேயே வந்தாள். அடுப்படியில் குனிந்து நுழைந்து, சவுக்குக் கம்புகளுக்கு நடுவே நின்று, கையை நீட்டினாள். ஊரிலேயே அதிகப் பங்கு அவளுடையது. இருந்தும் அவள் கையும் உள்ளேதான் போனது. மேலே ஓடுகள் ஒன்றோடொன்று உரசின. இருதயமேரி காபி கொடுத்தாள். வசுமதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு ஒரு முழு ஹாலே வந்திருந்துச்சு, மேரி. அசெம்பிளி ஹால். அப்பா சாயங்காலத்துல அதுல நடப்பாரு. நான் ஒவ்வொண்ணா வித்தப்போ ஒவ்வொண்ணா போச்சு. வீடு காலியாச்சுன்னுதான் நெனச்சேன். ஊரு இதுல சாஞ்சிருக்கும்னு எனக்குத் தோணலையே."

"எங்களுக்கும் தோணல மேடம். மழை பெஞ்சுது, கைக்குக் கிடைச்சதுல சாஞ்சோம்" என்றாள் இருதயமேரி.

பள்ளிக்கூடத்தையும் பார்த்தாள் வசுமதி. வஹாப் பாயின் கடையையும் பார்த்தாள். பாய் ஜன்னலைத் திறந்து காட்டினார். ஜன்னல் திறந்தது, காற்று வரவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா, நேத்து ராத்திரியிலேருந்து இப்படித்தான். வெளியில கரண்டும் இல்ல, உள்ள காத்தும் இல்ல. யாவாரத்தை விடுங்க, மனுஷன் எப்படிக் கண் மூடுறது?" என்றார்.

அந்த வருஷங்களில் மின்வெட்டு அப்படி இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் முடியைப் பொசுக்கிக்கொண்டார்கள். தையல்காரர்கள் மெஷினை வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். வசுமதி மெத்தைக்கடை இருட்டில் நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கம்பெனிக்குப் போய், ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய ரேடியோக் கூடுகளின் முன்னால் உட்கார்ந்தாள். கல்லூரியை விட்டபின் அவள் சால்டரிங் கோலைத் தொட்டதில்லை. விரலைச் சுட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டு, மறுபடி ஒட்டினாள். இரண்டாம் நாள் இருதயமேரியைக் கூப்பிட்டு, "இந்த இடத்துல ஈயம் நிக்கமாட்டேங்குது, கொஞ்சம் பாரு" என்றாள். இருவரும் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பங்குதாரர் கூட்டம் கேன்டீனில் கூடியது. விற்காதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். விற்றவர்களில் சிலரும் வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்றார்கள். ஆலோசகர் முதலில் பேசினார். பெயரின் மதிப்பு எப்படி ஏறியிருக்கிறது, இன்னும் எப்படி ஏறும் என்று மரியாதையாக, நிதானமாக எடுத்துச் சொன்னார். ஜனங்களும் மரியாதையாகக் கேட்டார்கள். பேசி முடித்துக் களைப்பில் பக்கத்துத் தூணில் சாயப் போனவரைச் சவரிநாதன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"பாத்து சார். நேத்திலேருந்து இங்கயும் ஆரம்பிச்சிருச்சு."

ஆலோசகர் திரும்பி, தூணுக்குள் மெல்ல விரலை விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளையின் ஆச்சரியம் வந்தது. "எங்க படிப்புல இதுக்குத் தொட்டறியும் சொத்துன்னு பேரு. நாங்க யாரும் இதுவரைக்கும் தொட்டுப் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வசுமதி எழுந்தாள். நிலத்தை விற்கப்போவதில்லை என்றாள். முன்பணத்தையும் அபராதத்தையும் தன் சொந்த வீட்டை விற்றுக் கட்டுவதாகச் சொன்னாள். "இதைச் சொன்னதும் பங்கு விலை விழும். நல்லா விழும். கொஞ்ச வருஷம் லாபத்துல யாருக்கும் எதுவும் குடுக்க முடியாது. விக்கணும்னு நினைக்கிறவங்க இன்னிக்கே வித்துடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. சவரிநாதன் எழுந்தான்.  இவன் என்ன சொல்லப்போகிறான் என்று இருதயமேரிக்கே தெரியாது.

"மேடம், நான் ஒரு ஆட்டோ வாங்கலாம்னு இருந்தேன். அந்த ஆசை இன்னும் போகல, பொய் சொல்ல மாட்டேன். நிலத்தை வச்சுக்கிட்டு இந்தக் கம்பெனி என்ன செய்யப்போகுது? அதை மட்டும் சொல்லுங்க. புல்லு வளக்குறதுக்கா தூணு?"

வசுமதி பதில் சொல்ல வாயெடுத்தபோது, தினமும் போகிற நேரத்துக்குக் கரண்ட் போனது. கேன்டீன் ஜன்னலெல்லாம் மழைக்குச் சாத்தியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. யாரோ சலித்துக்கொண்டார்கள், யாரோ விசிறிக்கொள்ளத் துண்டை எடுத்தார்கள். மேஜைமேல் ஒரு பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. பேட்டரி வைத்த பழைய ரேடியோக் கூட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக வெளிச்சம் வந்து எல்லார் முகத்திலும் விழுந்தது. கூடவே அதன் ஓரத்தில் ஒரு குட்டி விசிறி கரகரவென்று சுற்றியது.

"இதைத்தான்" என்றாள் வசுமதி.

வஹாப் பாய் விளக்கைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "விசிறி ரொம்பச் சத்தம் போடுது" என்றார். பிறகு, "ஆனா ஓடுது" என்றார்.  நிலத்தை விற்க வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது, சவரிநாதன் மனைவியின் கையைப் பார்த்தான். அது ஏற்கெனவே மேலே இருந்தது. பங்கு அவள் பேரில்தான், அவன் கைக்குக் கணக்கில்லை. இருந்தாலும் அவனும் தூக்கினான்.

பங்கின் விலை விழுந்தது, நல்லாவே விழுந்தது. நல்ல விலைக்கு விற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். கம்பெனி அரைச் சம்பளம்தான் கொடுத்தது. இருதயமேரி வீட்டில் மீன் வாங்குவது ஞாயிறு மட்டும் என்றாகி, பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு என்றானது. சவரிநாதன் வாடகை ஆட்டோவையே ஓட்டினான். கோபம் வந்த நாட்களில் விற்காத பங்கைப் பற்றிப் பேசினான், கோபம் போன நாட்களில் ஆட்டோவின் பின்சீட்டில் விளக்குகளை அடுக்கிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். முதல் விளக்குகளில் பாதி பழுதாகித் திரும்பி வந்தன. விசிறிச் சத்தத்தைக் குறைத்து மறுபடி அனுப்பினார்கள். அப்புறம் திரும்பி வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிகள் கேட்டன, தையல்கடைகள் கேட்டன, பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற வீடுகள் கேட்டன.

ஒரு காலையில் இருதயமேரி தரை கழுவும்போது துடைப்பம் தூணின் அடியில் இடறி நின்றது. அவள் குனிந்து விரலால் தட்டினாள். கணுக்கால் உயரத்துக்கு இரும்பு. கம்பெனி முந்தின நாள்தான் வங்கிக்கு முதல் தவணை கட்டியிருந்தது. அதன்பிறகு ஆட்டோ எடுக்குமுன் தூணைத் தடவிப் பார்ப்பது சவரிநாதனுக்குப் பழக்கமானது. மழை வந்தது, வெயில் வந்தது, இரும்பு முழங்காலுக்கு ஏறியது. ஒரு பங்குனியில் கொஞ்சம் இறங்கியது, இருவரும் கவலைப்பட்டார்கள். சித்திரையில் இடுப்புக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் உயரத்தோடு தூணை அளந்துகொண்டார்கள், யார் முந்துவது என்று பந்தயம் கட்டினார்கள்.

உத்தரத்தை எட்டிய நாளில் வஹாப் பாயும் ஒத்தாசைக்கு வந்தார். சவரிநாதன் சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினான். கடைசிக் கம்பை எடுத்தபோது கூரை ஒரு பெருமூச்சு விட்டது, ஓட்டுத்தூசி கொஞ்சம் மூவர் தலையிலும் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

"நிக்குது தங்கச்சி" என்றார் பாய்.

"நிக்குதுண்ணே" என்றாள் அவள். சவரிநாதன் கழற்றிய கம்புகளைக் கட்டிப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதற்கடுத்த தை மாதத்தில், பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த நாள். இருதயமேரி வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தபோது அடுப்படி மூலையில் புதுப் பெயின்ட் வாசம் அடித்தது. போய்ப் பார்த்தாள். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, இடம் போதாமல் ஒடுங்கிக்கொண்டு, நீல நிறத்தில் ஏதோ ஒரு மெஷினின் மூலை வந்திருந்தது. தேன்குரலில் அதுவரை அவள் பார்த்தேயிராத மெஷின். தொட்டாள், கால்வாசிதான் கைக்குத் தட்டுப்பட்டது, மிச்சம் கடன்புகை. கண்ணாடி மூடிக்குள் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

சவரிநாதன் வந்து பார்த்தான். "இது என்ன செய்யுமாம்?"

"தெரியல. இன்னிக்குப் போய்த்தான் கத்துக்கணும்."

அவன் டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், அவள் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். அரிசி கனத்தது. மெஷின் நன்றாக வளர்ந்தாலும் இடிக்காத அளவுக்கு, இருவரும் டிரம்மை வாசல்வரைக்கும் நகர்த்தி வைத்தார்கள்.